பின் நம்பரையும் சேர்த்துக் கொடுக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். இழுப்பறைக்குள் ஒரு டப்பா, அது நிறைய கட்சிக்காரர்களின் டிஜிட்டல் கையொப்ப டோக்கன்கள், அதாவது கணினியில் செருகி மின் ஆவணங்களில் கையொப்பமிட உதவும், பென்டிரைவ் போன்ற கருவிகள். ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டி, கம்பெனி பெயரோடு பின் நம்பரையும் எழுதி வைத்திருப்பார்கள். டோக்கனோடு வந்த பின்னையே மாற்றாமல் வைத்திருப்பவர்களும் உண்டு. அரசு அலுவலகம் ஒன்றில் அதிகாரியின் டோக்கன் நாள் முழுக்க ஆபரேட்டரின் கணினியில் செருகியிருந்ததையும் பார்த்திருக்கிறேன்.

அந்த டோக்கனுக்குள் இருப்பது ஸ்மார்ட் கார்டில் இருப்பது போன்ற சிப்தான். கையொப்பத்துக்கான ரகசியச் சாவியை அதிலிருந்து நகலெடுக்க முடியாது. பின் நம்பரைத் திரும்பத் திரும்பத் தப்பாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும். இவ்வளவு பாதுகாப்பையும் அந்தச் சீட்டு ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகிறது. வெற்றுக் காசோலைப் புத்தகம் முழுவதிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்குச் சமம் இது. இரண்டு இயக்குநர்களின் டோக்கனும் ஒரே டப்பாவில் கிடந்தால், ஒருவர் விலகியதாகத் தாக்கல் செய்யும் படிவத்தில் மற்றவரின் கையொப்பம் அவருக்கே தெரியாமல் விழுந்துவிடலாம்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, 42ஆம் பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. சாவியைக் காப்பது உரியவரின் கடமை. அது பிறர் கைக்குப் போய்விட்டால் டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ் தந்த நிறுவனத்துக்கு உடனே சொல்ல வேண்டும், சொல்லும்வரை பொறுப்பு அவருடையதே. அடுத்தவர் கையொப்பத்தை மோசடியாகப் பயன்படுத்தினால் 66சி பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் ‘நான் போடவில்லை’ என்று நிரூபிப்பதற்குள் மனிதர் ஓய்ந்துபோவார்.

யாரும் கெட்ட எண்ணத்தில் பின் நம்பரைக் கொடுப்பதில்லை. கடைசித் தேதி நெருங்கும், இயக்குநர் வெளியூரில் இருப்பார். தாலுகா அலுவலகங்களில் பள்ளி, கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் சான்றிதழ் மனுக்கள் குவியும், ஒரே அதிகாரி எத்தனைக்குத்தான் கையொப்பமிடுவார்? சரி, அதற்காக அவர் பின் நம்பரைக் கொடுக்க வேண்டியதில்லை. மனுவைச் சரிபார்க்கும் அடுத்த நிலை அலுவலருக்கே அதிகாரமும் சொந்த டோக்கனும் கொடுங்கள். இதை அரசுதான் செய்ய வேண்டும்.

ஆடிட்டர் அலுவலகங்கள் டோக்கன்களை உரியவர்களிடமே திருப்பித் தரட்டும். வாங்கியவர்கள் அன்றைக்கே பின்னை மாற்றிவிட்டு, கையொப்பமிடும்போது தாங்களே அதைத் தட்டட்டும்.

– ஒரு வாசகர், கும்பகோணம்