சாவியை அல்ல, நின்ற இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் ஏஇடி கருவியைக் கொடுங்கள்

பள்ளி விளையாட்டுப் போட்டிகளை நடத்தும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன மாதம் 800 மீட்டர் ஓட்டத்தில் விழுந்து இறந்த பையனைப் பற்றிய அறிக்கை உங்கள் மேசைக்கு வந்திருக்கும். அவன் என் அக்கா மகன்.

கடைசி வளைவில் விழுந்தான். கைகால் இழுத்தது. வலிப்பு என்று யாரோ சொல்ல, பைக் சாவியைக் கையில் திணித்தார்கள். தொண்டையில் கொரகொரவென்று சத்தம் வந்ததும், "மூச்சு இருக்கு" என்று எல்லோருக்கும் நிம்மதி. அது மூச்சே இல்லை, இதயம் நின்ற பிறகு வரும் இழுப்பு என்று அப்புறம்தான் டாக்டர் சொன்னார். நெஞ்சை அழுத்த அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. சாவி நழுவாமல் அவன் விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்தான்.

நெஞ்சை அழுத்தாமல், ஷாக் கொடுக்காமல் கடக்கும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையுமாம். ஆம்புலன்ஸ் வர 18 நிமிடம் ஆனது. 2021 யூரோ கோப்பையில் டென்மார்க் கால்பந்து வீரர் எரிக்சன் இப்படித்தான் விழுந்தார். மைதானத்திலேயே ஷாக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே ஆட வந்துவிட்டார். ஒவ்வொரு போட்டி மைதானத்திலும் ஒரு ஏஇடி வையுங்கள். உடற்கல்வி ஆசிரியர்களுக்கு, நெஞ்சை அழுத்தும் சிபிஆர் முதலுதவியைக் கற்றுக்கொடுங்கள்.

இதயத் தசை தடித்திருந்தது என்று பிரேதப் பரிசோதனையில் வந்தது. சுமார் 500 பேரில் ஒருவருக்கு இருக்கும், பெரும்பாலும் பரம்பரையாக வரும் நோய். தெரியாதவர்கள் தடுப்பூசி மேல் பழி போடுகிறார்கள். போன வருடமே ஓடும்போது ஒருமுறை மயங்கினான். வெயில் என்று விட்டுவிட்டோம். உங்கள் படிவம் ஆதார் எண்ணைக் கேட்கிறது. "ஓடும்போது மயங்கியதுண்டா? வீட்டில் சிறுவயதில் யாராவது திடீரென்று இறந்ததுண்டா?" என்று கேட்பதில்லை. இத்தாலியில் 1982 முதல் போட்டி வீரர்களுக்கு ஈசிஜி கட்டாயம். இங்கே பந்தலுக்கும் பேனருக்கும் பணம் இருந்தது. பிள்ளைகளின் உயிருக்கு மட்டும் ஏன் இல்லை?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அவன் தங்கையும் 400 மீட்டருக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகுதான் அவளை அனுப்புவோம். மற்ற பிள்ளைகளுக்கு ஒரு ஈசிஜியாவது எடுத்துவிட்டு ஓடவிடுங்கள். அடுத்த போட்டிக்குள் மைதானத்துக்கு ஏஇடி வந்துவிட வேண்டும். தயவுசெய்து செய்யுங்கள்.

இப்படிக்கு,
அவன் தாய்மாமன்