உன் தம்பியைப் பற்றி ஒரு கடிதம்

கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு, அப்பா எழுதுவது.

நாங்கள் மூவரும் சுகம். பெண் வீட்டாரிடம் காட்ட, தம்பி இல்லாமல் நானும் அம்மாவும் மட்டும் இருக்கும் படம் போதும் என்று எழுதியிருந்தாய். அம்மா அந்த வரியை மறுபடியும் வாசிக்கச் சொன்னாள், வாசித்தேன், பிறகு அவள் ஒன்றும் பேசவில்லை. அவசரத்தில் எழுதியிருப்பாய் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

தம்பியின் தைராய்டு அளவு சரியாக இருக்கிறது. மாத்திரையை அப்படியே தொடரச் சொன்னார்கள். இடது காதில் கேட்கும் திறன் சற்றுக் குறைந்திருக்கிறது. தொலைபேசியில் நீ விரைந்து பேசுவது அவனுக்குப் பாதிதான் விளங்குகிறது. அவன் மௌனமாக இருப்பது கோபத்தினால் அல்ல. அவனோடு பேசும்போது நிறுத்தி நிதானமாகப் பேசு.

அவனுக்குப் பிறவியிலேயே இருக்கும் டவுன் சிண்ட்ரோம் பற்றி யாராவது விளக்கம் கேட்டால் உதவட்டும் என்று, அவன் பிறந்தபோது எடுத்த குரோமோசோம் பரிசோதனை அறிக்கையின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். நமக்கெல்லாம் உடலின் உயிரணுவில் 46 குரோமோசோம்கள், அதாவது பரம்பரைக் குணங்களைச் சுமக்கும் நுண்ணிய இழைகள். அவனுக்கு 47, அதாவது 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் 100க்கு ஏறத்தாழ 95 பேருக்கு இப்படித்தான். கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது தற்செயலாக நேர்வது இது. 100க்கு மூன்று நான்கு பேருக்கு மட்டும் அந்த 21ஆம் குரோமோசோம் வேறொன்றோடு ஒட்டிக்கொண்டு வரும். அந்த வகையில்தான் அது பெற்றோர் வழியாக வந்திருக்கக்கூடும், அந்தக் குடும்பங்களில்தான் உடன்பிறந்தவர்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டியிருக்கும். நம் அறிக்கையில் அது இல்லை. ஆகவே அவனுக்கு அண்ணனாகப் பிறந்த காரணத்தால் உன் பிள்ளைகளுக்கு இது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் அல்ல என்றே மருத்துவர் எங்களுக்குச் சொன்னார். யார் கேட்டாலும் இதைத் தயங்காமல் சொல்லலாம்.

1866இல் இந்த நிலையை விவரித்து எழுதிய ஆங்கிலேய மருத்துவர் ஜான் லாங்டன் டவுன்கூடப் பெற்றோரின் காசநோயைத்தான் காரணமாக நினைத்தார். 1959இல் பிரான்சில் லெஜூனும் அவருடன் உழைத்தவர்களும் அந்த மூன்றாவது குரோமோசோமைப் பற்றி எழுதிய பிறகே உண்மையான காரணம் உலகுக்குத் தெரிந்தது. விசுவாசிகளாகிய நமக்கோ பதில் அதற்கு வெகு காலம் முன்பே தரப்பட்டிருந்தது. பிறவியிலேயே பார்வையற்ற மனிதனைக் காட்டி, இது இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டுமல்ல என்று ஆண்டவர் சொல்லிவிட்டார். அப்படியிருந்தும் தம்பி பிறந்த புதிதில் நம் சபையாரிலேயே சிலர் வீடு தேடி வந்து, எந்தப் பாவத்தை அறிக்கையிடாமல் விட்டாய் என்று அம்மாவைக் கேட்டார்கள். சிறுவனாக இருந்த நீ அவர்கள் எதிரே வந்து நின்று, "என் தம்பியைப் பற்றி அப்படிப் பேசாதீர்கள்" என்றாய். பெரியவர்களிடம் குரலை உயர்த்தியதற்காக உன்னை அதட்டினேன். அன்று இரவு அம்மாவும் நானும் உனக்காகக் கர்த்தரை ஸ்தோத்திரித்தோம்.

அவனுக்குத் தசைகளில் வலுவில்லாததால் பால் உறிஞ்சவே சிரமப்பட்டதும், இருதயத்துத் துளைக்கு அறுவைச் சிகிச்சை செய்த நாளில் நீ பள்ளிக்குப் போக மறுத்ததும் உனக்கு நினைவிருக்கும். பேச்சுப் பயிற்சி தந்தவர் சொல்லிக்கொடுத்ததை வீட்டில் நாள் தவறாமல் செய்தவன் நீ. கண்ணாடி முன் அவனை உட்கார வைத்து, உதட்டைக் குவித்தும் விரித்தும் காட்டி, அவன் வாயிலிருந்து "அண்ணா" வரும்வரை விடவில்லை. அம்மா என்பதற்கு முன்பே அவன் அதைத்தான் சொன்னான். அந்த நீயா இப்படி ஒரு வரி எழுதினாய் என்று நான் கேட்க மாட்டேன். ஆனால் நால்வரும் இருக்கும் படத்தைத்தான் அனுப்புகிறேன். வேறு படம் என்னிடமிருந்து வராது.

எங்களுக்குப் பிறகு அவனை யார் பார்ப்பது என்ற கேள்வி உன்னையும் அந்தப் பெண்ணையும் அச்சுறுத்துமோ என்று நீ நினைத்தால், அது நியாயமான கேள்விதான். 1980களின் தொடக்கத்தில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுடைய சராசரி ஆயுள் 25 வயதளவில் இருந்தது. இருதய அறுவைச் சிகிச்சையும் தொடர்ந்த மருத்துவமும் கிடைக்கும் இடங்களில் இன்று அது 60ஐ எட்டியிருக்கிறது. எங்களுக்குப் பின்னும் அவன் வாழ்வான். வாழ வேண்டும் என்றுதான் ஜெபிக்கிறோம். நாற்பதைத் தாண்டியபின் மறதி நோய் மற்றவர்களைவிட முன்கூட்டியே வரக்கூடும் என்பதையும் அறிந்தே இருக்கிறோம். அவன் செலவுக்கென்று தனியாகச் சேர்த்து வைத்திருக்கிறோம். காப்பாளராக உன் பெயரை உன் சம்மதமில்லாமல் எந்தத் தாளிலும் எழுத மாட்டேன். அவன் உன் தம்பி. உன் தலையில் நாங்கள் ஏற்றி அனுப்பும் சுமை அல்ல. இதையும் அவளிடம் சொல்.

ஆம், சொல்லிவிடு என்றுதான் இவ்வளவு நேரமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அவளுடைய பெற்றோர் இங்கே வருவதற்கு முன் சொல்லிவிடு. வேறொருவர் வாயால் அவள் கேட்கும்படி விட்டுவிடாதே. தம்பி ஒவ்வொரு இரவும் ஜெபத்தில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லும்போது, உன் பெயருக்கு அடுத்ததாக இப்போது "அண்ணி" என்கிறான். அவள் பெயரை நாங்கள் இன்னும் அவனுக்குச் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் எல்லோரிடமும் சொல்வான். தொலைபேசியில் அவளோடு பேச வேண்டும் என்பான். அவனைத் தடுக்க எங்களுக்கு மனம் வராது.

நீ நல்லவன், அதில் எனக்கு ஐயமில்லை. உழைத்துப் படித்தாய், கண்ணியமாக வாழ்கிறாய், எங்களுக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. அதனால்தான் மறைத்துத் தொடங்கும் வாழ்க்கை உனக்கு வேண்டாம் என்கிறேன். கேட்டபின் அவள் மறுத்தால் உனக்கு மிகவும் வலிக்கும். அந்த வலியோடு நேரே வீட்டுக்கு வா. சம்மதித்தால் அவளையும் அழைத்து வா, முதலில் தம்பியிடம் பேசட்டும்.

அவளிடம் பேசியதும், பதில் எதுவானாலும், எனக்கு எழுது. அம்மா கேட்க மாட்டாள், ஆனால் காத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா