சூப் சாப்பிடும் ஊரிலிருந்து

கிராக்கோவ், போலந்து,
18 ஜனவரி 2026, ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொள்கிறாரா?

போன வாரம் போனில் நீ கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. "வெறும் சூப்பைக் குடித்தா பிள்ளை வளருகிறாள்?" என்றாய். பதில் சொல்வதற்குள் உன் பேத்தி போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டாள். அதனால்தான் இன்று உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி அனுப்பினால் நீ நான்கு முறை எடுத்துப் படிப்பாய் என்பதும் எனக்குத் தெரியும்.

இந்த நாட்டில் சூப்பை யாரும் குடிப்பதில்லை, சாப்பிடுகிறார்கள். போலிஷ் மொழியிலேயே 'சூப் சாப்பிட்டேன்' என்றுதான் சொல்வார்கள். நமக்கு சூப் என்றால் காய்ச்சல்காரருக்குக் கொடுப்பது, இல்லையென்றால் விருந்தில் சின்னக் கிண்ணத்தில் வருவது. இவர்களுக்கு அது மதியச் சாப்பாட்டின் முதல் பாதி. குழிவான தட்டு நிறைய ஊற்றுவார்கள். பார்லி போட்டது, காய்ந்த பட்டாணி போட்டது, புளித்த முட்டைக்கோஸ் போட்டது, உப்பில் ஊறிய வெள்ளரிக்காயைத் துருவிப் போட்டது என்று நாளுக்கு ஒன்று. அதன் பிறகுதான் இரண்டாவதாக உருளைக்கிழங்கும் இறைச்சியும் வரும். பேத்தியின் மழலையர் பள்ளியிலும் இதே வரிசைதான். அவள் பட்டினி கிடக்கவில்லை அம்மா. வந்தபோது வாங்கிய குளிர்காலச் சட்டை இப்போது முழங்கைக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடுகிறது.

இதையெல்லாம் நான் கற்றுக்கொண்ட கதையை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. நாங்கள் வந்த முதல் டிசம்பர் அது. மூன்றே முக்கால் மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். நான் ஒரு நேரம் சாப்பிடுவேன், உன் மருமகள் வேலையிலிருந்து வந்து ஒரு நேரம் சாப்பிடுவாள், குழந்தை ரொட்டியை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். மூவரும் சேர்ந்து சாப்பிட்ட நாளை விரல்விட்டு எண்ணலாம். அந்த மாதக் கடைசியில் மருமகளுக்குக் கடுமையான காய்ச்சல். நீ கவலைப்படுவாய் என்று அப்போது சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

இரண்டாம் நாள் மாலை கதவைத் திறந்தால், வாசலில் துண்டில் சுற்றிய ஒரு கண்ணாடி ஜாடி. தொட்டால் கை சுட்டது. உள்ளே பொன்னிறத்தில் கோழிச்சாறு, மேலே சின்னச் சின்னக் கொழுப்பு வட்டங்கள். அந்த வட்டங்களை இவர்கள் 'கண்கள்' என்பார்கள். எதிர்வீட்டுப் பாட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார். அதுவரை மாடிப்படியில் பார்த்தால் வணக்கம் சொல்லுவோம், அவ்வளவுதான் பழக்கம். இரண்டு நாளாக எதுவும் இறங்காதவள் அன்று ஒரு தட்டுச் சாறு சாப்பிட்டாள். நான் அந்த ஜாடியைக் கழுவும்போது சிங்க்கின் முன்னால் நின்று அழுதேன்.

அந்தச் சாற்றின் பெயர் ரோசூவ். இங்கே ஞாயிற்றுக்கிழமை என்றால் வீட்டுக்கு வீடு ரோசூவ்தான். பாட்டியிடம் கேட்டுக் கற்றுக்கொண்டேன். சனிக்கிழமையே ஸ்தாரி கிளெபாஷ் சந்தைக்குப் போய்விட வேண்டும், ஏனென்றால் 2018இல் வந்த சட்டப்படி இப்போது பெரும்பாலான ஞாயிறுகளில் பெரிய கடைகள் திறப்பதில்லை. சந்தையில் சூப்புக்கென்றே காய்களைக் கட்டாகக் கட்டி விற்பார்கள். கேரட், பார்ஸ்லிக் கிழங்கு, செலரிக் கிழங்கு, லீக், ஒரு துண்டு முட்டைக்கோஸ். கட்டின் பெயர் 'வுவோஷ்ச்சிஸ்னா', அதாவது இத்தாலியச் சரக்கு. 1518இல் இதே ஊரின் வாவெல் கோட்டைக்கு மணப்பெண்ணாக வந்த இத்தாலியச் சீமாட்டி போனா ஸ்போர்சாதான் இந்தக் காய்களைக் கொண்டுவந்தார் என்று பாட்டி சொல்கிறார். இங்கே எல்லோரும் சொல்லும் கதை அது.

கோழியைப் பச்சைத் தண்ணீரில் போட்டு ஏற்ற வேண்டும். நுரை வந்தால் பொறுமையாக எடுத்துவிட வேண்டும். பிறகு காய்கள், மிளகு, பிரிஞ்சி இலை போன்ற ஓர் இலை, மிளகு வடிவில் கிராம்பு வாசம் வீசும் ஒரு மணி. ஒரு வெங்காயத்தைப் பாதியாக வெட்டி நேராகத் தணலில் காட்டிக் கருக்கிப் போடுவார்கள். சாற்றுக்குப் பொன்னிறம் அதிலிருந்துதான் வருகிறது. அடுப்பைக் கூட்டவே கூடாது. முதல் தடவை நான் அவசரத்தில் கொதிக்கவிட்டேன், சாறு கலங்கிவிட்டது. பாட்டி மூடியைத் திறந்து பார்த்து, "சூப் கண் சிமிட்ட வேண்டும், கொதிக்கக் கூடாது" என்றார். இப்போது எனக்கு அது பழகிவிட்டது. ஓர் ஓரத்தில் ஒரு குமிழி வரும், நிற்கும், இன்னோர் இடத்தில் இன்னொன்று வரும். அப்படியே மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரமும் வீட்டில் யாரும் வெளியே போவதில்லை. வாசனை அறை அறையாகப் போய் எல்லோரையும் மேசைக்கு அழைத்துவந்துவிடுகிறது. ஞாயிறு மதியம் மூவரும் ஒன்றாகச் சாப்பிடுவது இப்படித்தான் ஆரம்பித்தது. இன்றுவரை ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

மிச்சம் இருக்கும் சாறு திங்கட்கிழமை தக்காளி சூப் ஆகிவிடும். இது நாடு முழுவதும் உள்ள வழக்கம். கடைசியில் புளித்த பாலாடை சேர்ப்பார்கள். அப்படியே ஊற்றினால் திரிந்துவிடும், அதனால் சூடான சூப்பில் ஒரு கரண்டி எடுத்து முதலில் பாலாடையில் கலக்க வேண்டும். மோர்க்குழம்புக்கு நீ அடுப்பைத் தணித்துவிட்டு நிற்பாயே, அந்த நினைப்புதான் எனக்கு ஒவ்வொரு முறையும். இந்த சூப்பில் சிலர் நூடுல்ஸ் போடுவார்கள், சிலர் சோறு போடுவார்கள். நம் பேத்தி எந்தப் பக்கம் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை.

ஜூரெக் என்று ஒன்று இருக்கிறது. கோதுமை மாதிரி இருக்கும் ரை தானியத்தின் மாவைத் தண்ணீரில் கரைத்து, பூண்டு தட்டிப் போட்டு, நான்கைந்து நாள் புளிக்கவைத்துச் செய்வது. ஈஸ்டருக்குக் கட்டாயம் உண்டு, அவித்த முட்டையும் வெள்ளைத் தொத்திறைச்சியும் போட்டு. என் முதல் ஜாடியில் பூஞ்சை பிடித்துவிட்டது, தினமும் கிளறாமல் விட்டதால். இரண்டாவது நன்றாக வந்தது. புளித்த மாவின் வாசனை எழும்பியபோது நம் வீட்டு அடுக்களையில் நிற்பது போலவே இருந்தது. மருமகளுக்குக் கைவந்தது கோவோம்ப்கி, வெந்த முட்டைக்கோஸ் இலையில் அரிசியும் கொத்துக்கறியும் வைத்துச் சுருட்டுவது. பெயருக்குக் குட்டிப் புறாக்கள் என்று பொருள். அதை அவளே எழுதுவாள்.

ஜாடியின் கதையை முடிக்கவில்லையே. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று நீ சொல்லி வளர்த்தாய். நான் அதில் மிளகு ரசம் வைத்து நிரப்பிக் கொடுத்தேன். மறுநாள் பாட்டி கதவைத் தட்டினார். வேகவைத்த உருளைக்கிழங்கின் மேல் ஊற்றிச் சாப்பிட்டாராம், நெஞ்சுச் சளி இளகியதாம். அன்றிலிருந்து அந்த ஜாடி இரண்டு வீட்டுக்கும் நடுவே போய் வந்துகொண்டே இருக்கிறது. ஊரிலிருந்து தலைநகர் வார்சாவுக்கு வேலைக்குப் போகிறவர்களை இங்கே 'ஜாடிகள்' என்றே அழைப்பார்களாம். வார இறுதியில் வீட்டுக்குப் போய் அம்மா சமைத்ததை ஜாடி ஜாடியாகக் கட்டிக்கொண்டு வருவார்கள் என்பதால் அந்தப் பெயர். அதைக் கேட்ட அன்று வெகுநேரம் உன்னையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ஒரு வேலை உனக்கு. பாட்டி ரசம் வைக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்துவிட்டார். மிளகு எத்தனை கிராம், சீரகம் எத்தனை கிராம் என்று கேட்கிறார். எனக்குக் கை அளவுதான் தெரியும். அடுத்த முறை நீ ரசத்துக்கு எடுக்கும்போது, உள்ளங்கையில் அள்ளியதை அப்பாவிடம் கொடுத்துத் தராசில் நிறுத்துப் பார்க்கச் சொல். புளியையும் நிறுத்து எழுதி அனுப்பு. ஜாடி இந்த வாரம் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.

உன் அன்பு மகன்