கப்பல்காரன் வேஷம்

அன்புள்ள சரவணனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி இப்போது தேவலை.

போனில் பேசும்போது உன் குரலே சரியில்லை. டாக்டர் வேஷம் கேட்டேன், கப்பல்காரன் வேஷத்தைத் தலையில் கட்டிவிட்டார்கள், எல்லா வசனத்தையும் சேர்த்தாலும் கொஞ்சம்தான் வருகிறது என்று சலித்துக்கொண்டாய். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன். ‘மக்கள் விரோதி’யை வருஷக்கணக்காக வகுப்பில் நடத்தியவள் நான். என்னைக் கேட்டால், அந்த நாடகத்தில் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்க வேண்டியதே கேப்டன் ஹார்ஸ்டர் வேஷத்தைத்தான்.

டாக்டர் ஸ்டாக்மன் மேல் எனக்கு மரியாதை இல்லாமல் இல்லை. நார்வே நாடகாசிரியர் இப்சன் இதை 1882-இல் எழுதினார். அதற்கு முந்தைய வருஷம் வந்த ‘பேய்கள்’ நாடகத்துக்காக நார்வேயில் அவருக்குக் கிடைத்த வசவு கொஞ்சநஞ்சமில்லை. அந்தக் கோபமெல்லாம் டாக்டர் வாய்வழியாக வருகிறது. ஊர் பிழைப்பதே மருத்துவக் குளியலுக்கு வரும் வெளியூர்க்காரர்களால். அந்தத் தண்ணீரில் டேனரிக் கழிவு கலக்கிறது என்று பல்கலைக்கழகத்துக்கு மாதிரி அனுப்பிக் கண்டுபிடிக்கிறார் டாக்டர். சரிசெய்ய இரண்டு வருஷம் குளியலை மூட வேண்டும், செலவு ஊர் தலையில் விழும் என்று மேயர் கணக்குச் சொல்கிறார். மேயர் அவருடைய சொந்த அண்ணன். (அப்பா படித்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: “தண்ணி எடுக்கிற குழாயை எவன் அவ்வளவு கீழே போட்டான்?” குடிநீர் வாரியத்தில் இருந்தவர் வேறென்ன கேட்பார். ஆனால் சண்டையின் வேரே அதுதான். மேலே போடச் சொன்னார் டாக்டர், கேட்கவில்லை பெரிய மனிதர்கள்.)

ஆனால் அந்த டாக்டருக்குத் தான் சொல்வது சரி என்பதில் ஒரு குஷி உண்டு. ஊரே திரண்டுவந்து பாராட்டும் என்று எதிர்பார்க்கிறார். பெரும்பான்மை என் பின்னால் என்று சொல்லிக்கொண்டு, அண்ணன் விட்டுவிட்டுப் போன தொப்பியைத் தலையில் வைத்து, கைத்தடியையும் எடுத்துக்கொண்டு பத்திரிகை ஆபீசில் மேயர் மாதிரி நடக்கிறார். அடுத்த அங்கத்தில் அந்தப் பெரும்பான்மை கைவிட்டதும், பெரும்பான்மை ஒருநாளும் சரியாக இருந்ததில்லை என்கிறார். அதோடு விட்டாரா? தெருநாய், ஜாதிநாய் என்று மனிதர்களைத் தரம் பிரிக்க ஆரம்பித்துவிடுகிறார். பிறப்பை வைத்துப் பேசும் பேச்சை வீட்டிலும் தெருவிலும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் முன்னால் அந்தப் பக்கத்தை வாசிக்க எனக்கு ஒவ்வொரு வருஷமும் கூச்சமாக இருக்கும். தண்ணீர் விஷயத்தில் அவர் சொன்னது சரி. மனிதர்கள் விஷயத்தில் அவர் சொன்னதை நான் ஒத்துக்கொண்டதே இல்லை.

இப்போது உன் ஆளுக்கு வருகிறேன். முதல் அங்கத்தில் டாக்டர் வீட்டுச் சாப்பாட்டில் எல்லோரும் தேர்தல் பேசுகிறார்கள். ஹார்ஸ்டருக்கு அது ஒன்றும் புரியவில்லை, அதை மறைக்கவும் இல்லை. சமுதாயம் ஒரு கப்பல் மாதிரி, எல்லோரும் சுக்கானில் கைவைக்க வேண்டும் என்று பத்திரிகைக்காரன் ஒருவன் பேச, கரையில் அது சரிப்படலாம், கப்பலில் சரிப்படாது என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிறார். அரங்கம் சிரிக்கிற இடம் அது, ஓட்டிவிடாதே.

அப்புறம் நான்காம் அங்கம். டாக்டர் பேச ஊரில் ஒருவனும் இடம் தரவில்லை. தண்ணீரைப் பற்றியோ கட்சியைப் பற்றியோ பெரிதாக ஒன்றும் தெரியாத இந்தக் கேப்டன்தான் தன் வீட்டுப் பெரிய அறையைத் திறந்துவிடுகிறார். கூட்டத்தில் ஓட்டெடுத்து டாக்டரை மக்கள் விரோதி என்று அறிவிக்கிறார்கள். மாற்றி ஓட்டுப் போட்ட ஒரே ஆள் ஒரு குடிகாரன்! இப்சனுக்குக் குசும்பு அதிகம். கூட்டம் கலையும்போது விக் என்ற கப்பல் முதலாளி வருகிறார். மக்கள் விரோதிக்கு வீட்டைக் கொடுக்கிறாயா என்கிறார். என் சொத்தை நான் என் இஷ்டப்படி செய்யலாம் என்கிறார் ஹார்ஸ்டர். அப்படியானால் நானும் என் சொத்தை என் இஷ்டப்படி செய்யலாம் என்று சொல்லிவிட்டுப் போகிறார் முதலாளி. வேலை போயிற்று, அவ்வளவுதான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அந்த வரியைச் சொன்னாயானால் கெட்டது போ. பக்கத்து வீட்டுக்காரருக்குக் குடை கொடுத்ததை யாரோ விசாரித்தால் எப்படிப் பதில் சொல்வாய், அப்படிச் சொல்.

ஐந்தாம் அங்கத்தை நன்றாகக் கவனித்துப் படி. ஜன்னல் கண்ணாடி நொறுங்கிக் கிடக்கிறது, டாக்டர் கல் பொறுக்குகிறார். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்கிறார், மகள் பெட்ராவின் டீச்சர் வேலை போகிறது. இவர்களில் ஒருவருக்கும் டாக்டர் மேல் தனிப்பட்ட பகை கிடையாது. தலைமையாசிரியை வருத்தத்தோடுதான் அனுப்புகிறார். விக்கூட நல்ல மனிதர்தான், பணக்காரர், யாரையும் அண்டிப் பிழைக்க வேண்டியதில்லை. ஊரைப் பகைத்துக்கொள்ள முடியாது என்பதுதான் எல்லோருக்கும் சாக்கு. ஹார்ஸ்டர் அந்தச் சாக்கைச் சொல்லவே இல்லை. வேறு ஊரில் வேறு முதலாளி கிடைப்பார் என்கிறார், என் வீட்டில் வந்து இருங்கள் என்கிறார்.

கைதட்டல் எல்லாம் டாக்டருக்குத்தான். 1901-இல் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் கசான் சதுக்கத்தில் மாணவர்களை அடித்து விரட்டிய நாளன்று ரஷ்ய நடிகர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி டாக்டராக நடித்தார். விடுதலைக்கும் உண்மைக்கும் சண்டைபோடப் போகும்போது நல்ல கால்சட்டையைப் போட்டுக்கொண்டு போகக்கூடாது என்ற வரி வந்ததும் நாடகமே நின்றுபோயிற்று, ஜனங்கள் மேடைக்கு ஓடிவந்து கை கொடுத்தார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். ஹார்ஸ்டராக நடித்தவருக்கு யாராவது கை கொடுத்தார்களா, தெரியாது.

கடைசியில் டாக்டர், தனியாக நிற்பவனே உலகத்தில் பலசாலி என்கிறார். அதைச் சொல்லும்போது பக்கத்தில் மனைவி இருக்கிறாள், பெட்ரா இருக்கிறாள், பையன்கள் இருக்கிறார்கள், ஹார்ஸ்டர் இருக்கிறார். பிள்ளைகள் கதி என்ன என்று ஆரம்பத்தில் அழுது கெஞ்சிய அந்த மனைவி கேதரின், பிறகு அவர் பக்கமே வந்து நின்றவள். இவர்களெல்லாம் சேர்ந்து பிடித்துக்கொண்டதால்தான் அவரால் தனியாக நிற்க முடிகிறது. அந்த நேரத்தில் உனக்கு வசனம் இல்லை என்பதற்காகக் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்காதே, அவர் முகத்தைப் பார்.

நாடகம் என்றைக்கு என்று தேதி சொல், அப்பா டிக்கெட் போட வேண்டும். ஹார்ஸ்டருக்கும் பெட்ராவுக்கும் நடுவே ஏதோ இருக்கிறது என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. பெட்ராவாக நடிப்பது யார் என்று நீ சொல்லவே இல்லையே?

அன்புடன்,
அம்மா