கவுனியின் கறுப்பு எங்கிருந்து வருகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கவுனி அரிசி பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எங்கள் பக்கத்துக் கல்யாணப் பந்தியில் தேங்காயும் சர்க்கரையும் சேர்த்துப் பரிமாறுகிற அரிசிக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியதில் ரொம்ப சந்தோஷம். ஆனால் கறுப்பு நிறத்துக்கான மரபணு வேறெந்த அரிசியிலும் கிடையாது என்று எழுதியிருந்தது தவறு.

கவுனியை ராத்திரி ஊறப்போட்டால் காலையில் தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் நிற்கும், ஆனால் ஒரு அரிசியைக் கடித்து உடைத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைதான். நிறமெல்லாம் மேல்தோலில் உள்ள ஆந்தோசயனின் என்ற நிறமி. அதைத் தயாரிக்கும் மரபணுக்களை முடுக்கிவிடுவது காலா4 என்ற மரபணு தரும் புரதம். வெள்ளை அரிசியிலும் அந்த மரபணு உண்டு, தோலில் வேலை செய்வதில்லை, அவ்வளவுதான். கறுப்பு அரிசிகளில் அதற்கு முன்னால் உள்ள கட்டுப்பாட்டுப் பகுதியில் டிஎன்ஏ இடம் மாறிப்போனதால் அது தோலிலும் விழித்துக்கொண்டது என்று 2015-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

அந்தப் புரதத்தின் வடிவத்தையும் சொல்லியிருக்கலாம், அழகே அதில்தான். காலா4 புரதம் சேர்ந்த குடும்பத்துப் புரதங்களில், சுமார் 60 அமினோ அமிலங்கள் (புரதத்தைக் கட்டும் துண்டுகள்) கொண்ட ஒரு பகுதி, இரண்டு சுருள்களும் நடுவே ஒரு வளையமுமாக இருக்கும். இரண்டு புரதங்கள் ஜோடி சேர்ந்து, இடுக்கி மாதிரி, முறுக்கிய ஏணி போன்ற டிஎன்ஏவின் பெரிய பள்ளத்துக்குள் இறங்கிப் பிடிக்கும். பிடிக்கிற முனையில் அர்ஜினைன், லைசின் போன்ற நேர்மின்னேற்றம் கொண்ட அமினோ அமிலங்கள் அதிகம், டிஎன்ஏவின் முதுகெலும்பு மாதிரியான வெளிச்சட்டமோ எதிர்மின்னேற்றம் கொண்டது, அதனால்தான் ஒட்டுகிறது. அதற்காகக் கண்ட இடத்திலும் உட்காராது, சிஏ என்று தொடங்கி டிஜி என்று முடியும் ஆறு டிஎன்ஏ எழுத்துகளைத் தேடித்தான் உட்காரும்.

சிவப்பரிசிக்கும் இதே குடும்பத்துப் புரதம்தான் காரணம். சிவப்பு நிறத்துக்கான அந்தப் புரதத்தைத் தரும் மரபணுவில் 14 எழுத்துகள் விடுபட்டுப்போய், புரதம் பாதியில் நின்றுவிட்டதால்தான் நாம் சாப்பிடும் அரிசியில் பெரும்பாலானவை வெள்ளையாகின.

இதையெல்லாம் படத்தோடு போடுங்கள். எங்கள் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்திலேயே உயிர்த்தகவலியல் துறை இருக்கிறது, அங்கே கேட்டால் எழுதித் தருவார்கள். இப்படிப்பட்ட புரதங்களின் முப்பரிமாணப் படங்கள் புரோட்டீன் டேட்டா பேங்க் என்ற இணையத் தரவுத்தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, பள்ளிப் பிள்ளைகள் கைபேசியிலேயே சுழற்றிப் பார்க்கலாம், அந்த இணைய முகவரியையும் சேர்த்துப் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி, காரைக்குடி