வீரவநல்லூர்ப் பயணத்தில் கிடைத்த பாட்டுகளுக்கு நன்றி

அன்புள்ள ஆச்சிக்கும், பெரியம்மைக்கும், மதினிமாருக்கும், முன்பின் தெரியாத என்னோடு மனம்விட்டுப் பேசிய எல்லோருக்கும் வணக்கம்.

குலதெய்வக் கோயில் கொடை விழாவுக்காக ஊருக்கு வந்தவள், பாட்டுகளோடு சென்னை திரும்பினேன். அவை இப்போது ஒலிப்பதிவாகிவிட்டன. இயற்றியவர் என்று என் பெயர் மட்டுமே வரும். அந்த வரிகள் யாரிடமிருந்து வந்தன என்பதை ஊரறியச் சொல்லவே இந்த மடல்.

செங்கோட்டை பாசஞ்சரில் எதிரே அமர்ந்திருந்த பெரியவருக்கு முதல் நன்றி. சேரன்மகாதேவி தாண்டியதும் தரிசாகக் கிடந்த வயலைக் காட்டி, இந்த ஆண்டு கார் சாகுபடி கைவிட்டுப் போனதைச் சொன்னார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவரோ துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "கார் போனால் என்ன, பிசானம் இருக்கிறது" என்றார். பொதிகையில் இரண்டு பருவமழையும் பெய்யும். அதனால் கார் போனாலும் தாமிரபரணிக் கரை விவசாயிக்குப் பிசானம் என்கிற இன்னொரு நெற்போகம் காத்திருக்கும். காதலை இழந்த பெண் பாடும் பாட்டுக்குப் பெரியவர் சொன்ன அந்த வரியே பல்லவி. ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

பெரியம்மை பாய் வாங்கப் பத்தமடைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே நெய்துகொண்டிருந்த அம்மா, பொழுது சாயும்வரை பக்கத்தில் உட்கார விட்டார். கருப்பட்டிக் காப்பியும் தந்தார். கோரையை நுழைப்பது, இழுப்பது, இறுக்குவது என்று அவர் கை மூன்று மூன்றாகவே ஓடியது. காவடிச்சிந்தில் கேட்கும் அதே திஸ்ர நடை. சந்தம் பிடிபடாமல் கிடந்த ஒரு மெட்டு அங்கேயே கூடிவந்தது.

பாட்டு எழுத மலைவாசஸ்தலத்தில் அறை எடுப்பவர்கள் உண்டு. எனக்கு உறவுக்காரர் வீட்டுக் கூடம் போதும். அங்கே யாரும் பாட்டுக்காகப் பேசுவதில்லை.

கொடை இரவில் வில்லுப்பாட்டுக்குப் பின்பாட்டுப் பாடிய அண்ணாச்சிக்கு நான் பட்ட கடன் பெரிது. வில்லில் கட்டிய மணிகள் குலுங்க, வீசுகோல் நாணில் விழ, புலவர் கதையை நகர்த்துகிறார். ஒவ்வோர் அடி முடியும்போதும் அண்ணாச்சி "ஆமா" என்று வாங்கிக்கொள்கிறார். ஒரே "ஆமா"தான், ஆனால் அம்மன் பிறக்கும்போது ஒரு குரல், சண்டை மூளும்போது ஒரு குரல், பிள்ளையைப் பறிகொடுத்தவள் அழும்போது இன்னொரு குரல். விடியற்காலையில் அதைப் பற்றிக் கேட்டேன். "ஆமா போட இடம் விடாத அடி, கேட்கிறவன் மனத்தில் தங்காது" என்றார். என் புதிய பாட்டின் சரணத்தில் ஒவ்வோர் அடிக்குப் பிறகும் இரண்டு தட்டு வெறுமையாக விட்டிருக்கிறேன். அந்த இடத்தில் எந்தக் கருவியும் ஒலிக்கக் கூடாது என்று இசையமைப்பாளரிடம் மன்றாடி வாங்கினேன்.

ஆச்சி, கொள்ளுப்பேரனைத் தொட்டிலில் ஆட்டியபடி தாய்மாமன்மார் கொண்டுவரும் சீரை ஒவ்வொன்றாகப் பாடினீர்கள். மறைந்துபோன சின்ன மாமா பெயரிலும் வெள்ளி அரைஞாண் வந்தது. அடுக்களையில் மதினி கைவேலையை அப்படியே நிறுத்திவிட்டார்கள். அந்தத் தாலாட்டிலிருந்து ஒரு வரியும் நான் எடுக்கவில்லை, அது உங்களுடையது. நீங்கள் சம்மதித்தால், உங்கள் குரலிலேயே பதிவு செய்து பிள்ளைகளுக்காக வைத்துக்கொள்வோம்.

பாசஞ்சரில் வந்த பெரியவர் அம்பாசமுத்திரம் வரை போவதாகச் சொன்னார். பச்சைக் கரைத் துண்டு, கையில் மஞ்சள் பை. அவரைத் தெரிந்தவர்கள் இந்த மடலைப் படித்துக் காட்டுங்கள். அந்தப் பாட்டுக்கு எனக்குக் கிடைத்த பணத்தில் பாதியை அவருக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். பெரியம்மை வீட்டில் கொடுத்துவைக்கிறேன்.

அன்புடன்,
வீரவநல்லூர் ஆச்சியின் பேத்தி