நத்தை இருக்கட்டும், ஏரியும் வரட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சட்டக் கல்லூரியில் முதலாண்டு சேர்ந்திருக்கும் பேத்தி, பானப் பாட்டிலுக்குள் கிடந்த நத்தை, சளிக்காய்ச்சலைத் தடுக்கும் புகை உருண்டை என்று பழைய பிரிட்டிஷ் வழக்குகளை இரவெல்லாம் மனப்பாடம் செய்கிறாள், இதற்கா ஐந்து வருடம் என்று வாசகர் ஒருவர் சென்ற வாரம் இந்தப் பக்கத்தில் கேட்டிருந்தார். அதே படிப்பில் இரண்டாம் ஆண்டு இறுதியில் இருக்கிறேன். ஒப்பந்தச் சட்டம், ஒருவர் இன்னொருவருக்கு இழைத்த தீங்குக்கு நஷ்ட ஈடு கேட்பதைப் பற்றிய தீங்கியல் சட்டம் (டார்ட்) இரண்டையும் எழுதி முடித்துவிட்டேன். பெரியவருக்கு நத்தை மேல் கோபம். எனக்கு நத்தை மேல் ஒன்றுமில்லை, நத்தையோடு நின்றுவிடுவதில்தான் வருத்தம்.

முதலில் நத்தைக்காக இரண்டு வார்த்தை. 1928-ல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊரில் ஒரு பெண்மணிக்குக் கூட வந்தவர் இஞ்சி பீர் வாங்கிக் கொடுக்கிறார். பாட்டில் உள்ளே தெரியாத கண்ணாடி. பாதி குடித்த பிறகு மீதியை ஊற்றும்போது அழுகிய நத்தை விழுந்தது என்பது அவர் புகார். காசு கொடுத்தது அவரல்ல, அதனால் கடைக்காரரோடு அவருக்கு ஒப்பந்தம் கிடையாது. அப்படியானால் யாரைப் பிடிப்பது? பாட்டிலை அடைத்த தயாரிப்பாளருக்கே, குடிக்கப் போகிறவர் மேல் அக்கறை காட்டும் கடமை உண்டு என்று 1932-ல், அன்றைய பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை சொன்னது. ஒப்பந்தம் இல்லாத இடத்திலும் ஒருவர் இன்னொருவருக்குப் பொறுப்பாளி ஆகலாம் என்பதை இவ்வளவு எளிதாக விளக்கும் வழக்கு வேறு இல்லை. நத்தை நிஜமாகவே இருந்ததா என்று எந்த நீதிமன்றமும் விசாரித்து முடிக்கவில்லை, வழக்கு சமரசத்தில் போய்விட்டது. இதை வகுப்பில் கேட்டபோது எல்லோரும் சிரித்தோம். எனவே பேத்தி நத்தையைப் படிக்கட்டும்.

ஒப்பந்தத்துக்கு 1872-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பிரிவு எண்ணைச் சொன்னால் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். தீங்கியலுக்கு அப்படி ஒரு தொகுப்புச் சட்டமே இந்தியாவில் இல்லை. ஃபிரெடரிக் பொல்லாக் என்ற ஆங்கிலேய அறிஞர் 1886-ல் இந்தியாவுக்காக ஒரு மசோதா எழுதிக் கொடுத்தார், அது சட்டமாகவே இல்லை. ஆகவே தீங்கியல் என்று நாங்கள் படிப்பது பெரும்பாலும் தீர்ப்புகளைத்தான். எந்தத் தீர்ப்புகளைப் பொறுக்கியெடுக்கிறோமோ அதுதான் பாடம். அந்தப் பட்டியல் எங்கள் கைடு புத்தகங்களில் எப்படி இருக்கிறது என்றால், லண்டன், லங்காஷயர், பெய்ஸ்லி என்று போய்க்கொண்டே இருந்துவிட்டுக் கடைசியில் டெல்லிக்கு வந்து, 1985 டிசம்பரில் நடந்த ஓலியம் வாயுக் கசிவு வழக்கோடு முடிந்துவிடும். சென்னை மாகாணம் என்று ஒன்று இருந்ததாகவே தெரியாது.

எங்கள் மேடம் ஒருவர் பாடத்திட்டத்துக்கு வெளியே ஒரு தீர்ப்பை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். மெட்ராஸ் ரயில்வே கம்பெனி, கார்வேட்டிநகரம் ஜமீன்தார் மேல் போட்ட வழக்கு. கார்வேட்டிநகரம் திருத்தணிக்கு அந்தப்பக்கம், இன்றைய ஆந்திராவில் இருக்கிறது. ஜமீனில் இருந்த ஏரிகள் பெருமழையில் உடைந்து, வெள்ளம் ரயில் பாதையையும் பாலங்களையும் அடித்துக்கொண்டு போனது. கம்பெனி நஷ்ட ஈடு கேட்டது. கேட்டது எதை வைத்து? நாங்கள் எல்லோரும் நெட்டுருப் போட்டிருக்கும் 1868-ஆம் ஆண்டு ரைலண்ட்ஸ் வழக்கை வைத்துத்தான். இங்கிலாந்தின் லங்காஷயரில் ஒரு மில் முதலாளி நீர்த்தேக்கம் கட்டினார், தண்ணீர் பக்கத்துக்காரரின் சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டது. ஆபத்தான ஒன்றைக் கொண்டுவந்து தேக்கி வைத்தவர், தன் மேல் தவறு இல்லாவிட்டாலும் பொறுப்பாளி என்பது அந்தத் தீர்ப்பு. அங்கே தேக்கிய தண்ணீருக்கு ஒரு நியாயம் என்றால் இங்கேயும் அதே நியாயம்தானே என்றது ரயில்வே.

அன்றைய இந்திய வழக்குகளுக்கு லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1874-ல் அதை ஏற்கவில்லை. இந்த ஏரிகள் ஜமீன்தார் தன் சொந்த லாபத்துக்காக நேற்று வெட்டியவை அல்ல. காலங்காலமாக இருப்பவை. ஊர் ஜனம் பயிர் வைத்துப் பிழைப்பதற்கானவை. ஜமீன்தார் நினைத்தாலும் தூர்த்துவிட முடியாது, கரையைப் பராமரிப்பது அவர் மேல் உள்ள கடமை. அப்படிப்பட்டவரை, ஏரி உடைந்தது என்ற ஒரே காரணத்துக்காகப் பிடிக்க முடியாது. பராமரிப்பில் அவர் கவனக்குறைவாக இருந்தார் என்று காட்டினால்தான் பொறுப்பு வரும். லண்டனில் உட்கார்ந்திருந்த நீதிபதிகளே, லங்காஷயர் நியாயம் இந்த மண்ணுக்குச் சரிவராது என்று சொல்லி நூற்றைம்பது ஆண்டு ஆகிவிட்டது. நாங்கள் இன்னமும் லங்காஷயரைத்தான் எழுதி மார்க் வாங்குகிறோம்.

எங்கள் ஊர் காவேரிப்பாக்கம் பக்கம். மழை பெய்தால் ஏரி நிரம்பிக் கோடி போகிறதா என்பதுதான் ஊரில் முதல் பேச்சு. விடுமுறைக்குப் போனபோது அப்பாவிடம் ரைலண்ட்ஸ் வழக்கைச் சொன்னேன், “ஓகோ” என்று கேட்டுக்கொண்டார். கார்வேட்டிநகரத்தைச் சொல்ல ஆரம்பித்ததும் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுக் குறுக்கே கேட்டார்: “அதெல்லாம் சரிம்மா, மழைக்கு முன்னாடி கரையைப் பலப்படுத்தினானா இல்லையா? கலங்கல்ல அடைப்பு இருந்துச்சா?” தீர்ப்பு எதன் மேல் நிற்கிறதோ அந்தக் கேள்வியை அவர் படிக்காமலே கேட்டுவிட்டார். அப்புறம் அரை மணி நேரம் மதகு, கரை, குடிமராமத்து என்று அவர்தான் எனக்குப் பாடம் எடுத்தார். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி திறந்ததைப் பற்றி ஊரே விவாதித்ததே, அந்த விவாதத்தைச் சட்டத்தின் கண்ணால் பார்க்கத் தொடங்க வேண்டிய இடமும் இந்தத் தீர்ப்புதான் என்று நினைக்கிறேன். அன்றைக்கு யார் மேல் தவறு என்று சொல்ல நான் வரவில்லை. எந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்பதாவது எங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஒப்பந்தச் சட்டத்தில் நிலைமை இவ்வளவு மோசம் இல்லை. சின்னையா - ராமையா வழக்கு எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. மூதாட்டி ஒருவர் தன் நிலத்தை மகளுக்கு எழுதிக் கொடுத்து, தன் உடன்பிறந்தவருக்கு ஆண்டுக்கு 653 ரூபாய் கொடுத்துவர வேண்டும் என்கிறார். மகளும் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு கைவிரித்துவிடுகிறார். ‘உங்களிடமிருந்து எனக்கு எந்த மறுபயனும் (வாக்குறுதிக்கு ஈடாகக் கிடைக்க வேண்டியது) வரவில்லையே’ என்பது அவர் வாதம். இங்கிலாந்தில் அது எடுபட்டிருக்கும். நம் சட்டத்தின் 2(ஈ) பிரிவோ, மறுபயன் ‘வேறு எவரிடமிருந்தும்’ வரலாம் என்கிறது, தாயிடமிருந்து வந்ததே போதும் என்றது சென்னை உயர் நீதிமன்றம். ஆண்டு 1882. சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு சித்தியையும் மாமாவையும் மறந்துபோன கதை நம் ஊரில் எத்தனை வீட்டில் இருக்கிறது! ஆனால் கைடில் இதற்கு நாலு வரி. புகை உருண்டைக்கு மூன்று பக்கம்.

விடுதித் தோழி ஒருத்தி பேருந்து நிலையத்தை ஒட்டிய டூவீலர் ஸ்டாண்டில் ஸ்கூட்டரை விட்டுவிட்டு ஊருக்குப் போய் வந்தாள். திரும்பி வந்து பார்த்தால் பக்கக் கண்ணாடி இரண்டும் இல்லை. ஸ்டாண்டுக்காரர் டோக்கனைத் திருப்பிக் காட்டினார். ரோஸ் நிற மெல்லிய காகிதம், ரப்பர் ஸ்டாம்பில் பாதி அழிந்த எழுத்து: ‘வாகனத்திற்கோ உதிரி பாகங்களுக்கோ நிர்வாகம் பொறுப்பல்ல’. இந்த ஒரு வரியைப் பார்த்ததும் படித்தவர்கள்கூட வாயை மூடிக்கொண்டு வந்துவிடுகிறோம். சென்னை உயர் நீதிமன்றத்தில் லில்லி ஒயிட் வழக்கு என்று ஒன்று உண்டு, 1966-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. சலவைக்குப் போட்ட புதுப் புடவை தொலைந்துபோனது. ரசீதில் அச்சடித்திருந்தபடி மதிப்பில் ஒரு பகுதியைத்தான் தருவோம் என்றது கடை. அப்படியொரு நிபந்தனை பொதுக் கொள்கைக்கே விரோதம், கவனக்குறைவுக்கு அது கேடயம் ஆகாது என்றது நீதிமன்றம். 2019-ல் உச்ச நீதிமன்றமும், டெல்லி ஹோட்டல் ஒன்றில் ஊழியரிடம் சாவியோடு ஒப்படைத்த கார் திருடுபோன வழக்கில், சீட்டில் அச்சடித்த வரியை மட்டும் காட்டித் தப்ப முடியாது, தக்க கவனத்தோடு பார்த்துக்கொண்டதை முதலில் ஹோட்டல் நிரூபிக்க வேண்டும் என்றது. சாவியை நாமே வைத்துக்கொள்ளும் ஸ்டாண்டுக்கு இது அப்படியே பொருந்துமா என்பது வாதத்துக்குரியது. அந்த வாதத்தை வகுப்பில் செய்து பார்க்க வேண்டாமா? (ஸ்டாண்டுக்காரர் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை. ‘கேஸ் போட்டுக்கோம்மா’ என்றார்.)

இதற்கெல்லாம் ஒரு பதில் தயாராக இருக்கும்: நேரம் இல்லை, இது பரீட்சையில் வராது, பார் கவுன்சில் விதிகளைப் பார்க்க வேண்டும். சரி, ஆங்கில வழக்குகளை எடுத்துவிடச் சொல்லவில்லை. கணவர் சிலோனில் நீர்ப்பாசன அதிகாரி, மனைவி இங்கிலாந்தில், மாதம் 30 பவுண்டு அனுப்புகிறேன் என்று சொல்லி அனுப்பாமல் விட்ட 1919-ஆம் ஆண்டு பால்ஃபர் வழக்கைப் படிக்காமல் குடும்ப வாக்குறுதிக்கும் ஒப்பந்தத்துக்கும் உள்ள எல்லை புரியாது. ஆனால் அதையும் சுருக்கமாகத்தானே படிக்கிறோம்? ‘உண்மைகள், பிரச்சினை, தீர்ப்பு’ என்று மூன்று தலைப்பில் ஆறு வரி. முழுத் தீர்ப்பு ஒன்றைக்கூட வாசிக்காமல் இந்த இரண்டு தாள்களிலும் தேறிவிட முடியும். என் வகுப்பிலேயே பலர் அப்படித்தான் தேறினார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வந்தவர்கள் 1874-ஆம் ஆண்டு ஆங்கிலத்தைத் தனியே உட்கார்ந்து படிப்பது லேசான காரியமில்லை. எனக்கே கார்வேட்டிநகரத் தீர்ப்பை மேடம் உடன் இருந்து வரி வரியாகச் சொல்லித்தான் புரிந்தது.

உச்ச நீதிமன்றம் 2019 முதல் தன் தீர்ப்புகளில் பலவற்றைத் தமிழிலும் வெளியிட்டு வருகிறது. அதுபோல சென்னை மாகாணத்தின் பழைய வழக்குகளில் பத்து பதினைந்தையாவது, ஒப்பந்தத்துக்கும் தீங்கியலுக்கும் பொருத்தமானவையாகப் பொறுக்கி, முழுத் தீர்ப்பையும் நல்ல தமிழில் பெயர்த்து, ஒரு சிறு புத்தகமாகச் சட்டப் பல்கலைக்கழகம் கொண்டுவரலாம். ஆங்கில மூலத்தையும் எதிர்ப்பக்கத்திலேயே அச்சிட்டால் வக்கீலான பிறகும் உதவும். அதற்கு முன்பே, காசில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த செமஸ்டர் தீங்கியல் வினாத்தாளில் ஏரி உடைந்து ரயில் பாலம் போனதைப் பற்றிப் பத்து மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி வைக்கட்டும். கைடு போடுகிறவர்கள் அடுத்த பதிப்பிலேயே கார்வேட்டிநகரத்துக்கு மூன்று பக்கம் ஒதுக்கிவிடுவார்கள்.

இப்படிக்கு,
சட்டக் கல்லூரி மாணவி,
ராணிப்பேட்டை மாவட்டம்.